‘சாப்பாடு எப்படி?’ என்று டொக்டர் கேட்டது குசலம் விசாரிக்க இல்லை

மூன்று வருசமாக ஒவ்வொரு கிளினிக் நாளிலும் டொக்டர் அப்பாவிடம் முதலில் கேட்டது இதைத்தான்: "ஐயா, சாப்பாடு எப்படி?"

அவர் சிங்களவர். தமிழ் நிறுத்தி நிறுத்தித்தான் வரும். தெரிந்த தமிழை வைத்து மரியாதைக்கு நலம் விசாரிக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். அப்பாவும் மரியாதையாகவே பதில் சொல்லுவார். "நல்லாச் சாப்பிடுறன் டொக்டர்." நித்திரை? "ஒரு குறையுமில்லை." நடந்தால் களைக்குதா? "சீச்சீ." பக்கத்தில் நான் இரத்தப் பரிசோதனைத் தாளை மடியில் வைத்துக்கொண்டு அந்தரப்படுவேன். இந்தக் கதையெல்லாம் எப்ப முடியும், சிறுநீரகம் கழிக்காமல் இரத்தத்தில் தேங்குகிற கழிவு, அந்தக் கிரியாற்றினின் எத்தனை என்று எப்பப் பார்ப்பார்?

அந்த மூன்று கேள்விகளும்தான் பரீட்சை. அது எனக்கு விளங்குவதற்கு அப்பாவின் கழுத்தில் குழாய் ஏற வேண்டியிருந்தது.

அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் சுமை தூக்குகிற வின்ச் ஓட்டினவர். சீனி வருத்தம் இருபது வருசம், பிரஷர் அதற்குக் கொஞ்சம் பிந்தி. 2019இல் கண் கிளினிக்குக்குப் போன இடத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில்தான் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருப்பது தெரிய வந்தது. கிரியாற்றினின் 2.7. வயதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஈ.ஜி.எவ்.ஆர் 24 அளவில். சிறுநீரகம் ஒரு நிமிசத்தில் எத்தனை மில்லிலீற்றர் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்பதற்கான மதிப்பீடு அது. 30க்குக் கீழே போனால் நான்காம் கட்டம், 15க்குக் கீழே ஐந்தாம் கட்டம். ஐந்தாம் கட்டத்துக்கு ‘இறுதிக் கட்டம்’ என்றொரு பெயர் வேறு வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டு எத்தனை வீட்டில் அழுகுரல் எழும்பியிருக்கும்! ஐந்தாம் கட்டத்துக்கு வந்தபிறகும், மெசினில் இரத்தத்தைச் சுத்தம் செய்கிற டயலிசிஸ் இல்லாமலே மாதக்கணக்கில், சிலர் வருசக்கணக்கில், வீட்டில் நடமாடுகிறார்கள் என்பதை அந்தப் பெயர் சொல்லாது.

2022 தை மாதம் நான் ஒரு கூத்து அடித்தேன். வழமையாகப் போகிற லாப் பூட்டியிருந்ததால் வேறொன்றில் இரத்தம் கொடுத்தோம். பின்னேரம் றிப்போட்டை வாங்கிப் பார்த்தால் கிரியாற்றினின் 451. முந்தின முறை 4.6. கை நடுங்கிப் போய்ப் படமெடுத்துக் கனடாவில் இருக்கிற தம்பிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவன் உடனே எடுத்தான். "அக்கா, இன்னும் என்னத்துக்குப் பாத்துக்கொண்டிருக்கிறியள்? நாளைக்கே டயலிசிஸ் தொடங்கச் சொல்லுங்கோ."

அடுத்த நாள் டொக்டர் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்த லாப் மைக்ரோமோலில் கொடுத்திருக்கிறது, முந்தினது மில்லிகிராமில். 451ஐ 88.4ஆல் பிரித்தால் 5.1. கூடியிருக்கிறதுதான், ஆனால் நூறு மடங்கு அல்ல. அன்றிலிருந்து ஒரே லாப், ஒரே அலகு. றிப்போட் கைக்கு வந்ததும் எண்ணைப் பார்க்க முதல் அதற்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன எழுத்தைப் பார்க்கப் பழகினேன்.

5.1 என்பது அப்பாவுக்கு ஈ.ஜி.எவ்.ஆர் 11 அளவில். "அப்ப தொடங்கத்தானே வேணும் டொக்டர்?" என்று கேட்டேன். தொடங்கத் தேவையில்லை என்றார். ஏன் என்பதை அவர் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிச் சொன்னதை வைத்துப் பிறகு நானும் தேடி வாசித்தேன். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஈ.ஜி.எவ்.ஆர் 10க்கும் 14க்கும் இடையிலேயே டயலிசிஸ் தொடங்கியிருக்கிறார்கள்; மற்றப் பகுதிக்கு 5 - 7 வரும்வரை பொறுத்திருக்கிறார்கள். முடிவு 2010இல் வெளிவந்தது. முந்தித் தொடங்கினவர்கள் கூடக் காலம் உயிரோடு இருக்கவில்லை. இரண்டு பகுதியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிந்தித் தொடங்கினவர்களுக்கு இலாபம், மெசினோடு கட்டுப்படாத சுமார் ஆறு மாதம். ஆனால் அந்த ஆய்வில் இன்னொரு விசயமும் இருக்கிறது, அதைப் பலர் விட்டுவிடுவார்கள். 7 வரும்வரை பொறுக்கச் சொன்னவர்களில் நாலில் மூன்று பங்குக்கு அதற்கு முதலே தொடங்க வேண்டி வந்தது. எண் வந்ததாலல்ல, உடம்பு இனி ஏலாது என்று சொன்னதால்.

தம்பிக்கு நான் இதை அனுப்பினேன். அவன் இருக்கிற கனடாவிலேயே 2014இல் வந்த வழிகாட்டி, 15க்குக் கீழே வந்தவரைக் கிட்ட வைத்துக் கவனித்துக்கொண்டு, வருத்தத்தின் குணம் தெரிந்தால் தொடங்கு, இல்லாவிட்டால் 6 வரை பொறு என்றுதான் சொல்கிறது. இரண்டு நாள் அவனிடமிருந்து பதில் இல்லை. பிறகு ஒரு கும்பிடு எமோஜி.

இதுவரை வாசித்தவர்களுக்கு, பொறுத்திருப்பதுதான் கெட்டித்தனம் என்று படலாம். எங்களுக்கும் அப்படித்தான் பட்டது. நாங்கள் விழுந்த குழி அதுதான்.

பொறுத்திருப்பதென்றால் ஆயத்தமாகிப் பொறுத்திருக்க வேண்டும். 2021இல், ஈ.ஜி.எவ்.ஆர் இன்னும் 16இல் நிற்கும்போதே, டொக்டர் கையில் பிஸ்டியூலா செய்யச் சொன்னார். முழங்கைக்குக் கீழே நாடியையும் நாளத்தையும் ஒரு சின்னச் சத்திரசிகிச்சையில் பொருத்திவிடுவது. நாடியின் அழுத்தத்தில் நாளம் பருத்துத் தடித்து, ஊசி குத்தத் தக்கதாக வர இரண்டு மூன்று மாதம் எடுக்கும். முதல் முறை சரிவராமல் போகவும் கூடும், அதனால்தான் ஆறு மாதம் முந்திச் செய்யச் சொல்கிறார்கள். 1966இல் நியூயோர்க்கில் இதைச் செய்து காட்டினார்கள். இன்றைக்கும் டயலிசிஸுக்கு இதைவிட நல்ல வழி வரவில்லை என்று டயலிசிஸ் வார்ட் மிஸ் ஒருவர் பெருமையாகச் சொல்லுவார், தானே கண்டுபிடித்த மாதிரி.

அப்பா மறுத்துவிட்டார். "வருத்தம் வர முதலே கையை வெட்டுறதோ? வெட்டினால் பிறகு தொடங்கச் சொல்லுவாங்கள்." நாங்கள் கெஞ்சினோம். ஒருவழியாகச் சம்மதித்து, வேறு ஊர் ஆஸ்பத்திரியில் திகதி எடுத்தபோது 2022 நடுப்பகுதி. பெற்றோலுக்கும் டீசலுக்கும் ஊரே வரிசையில் நின்ற காலம். வான்காரர் கையை விரித்தார். பஸ்ஸில் கொண்டுபோகலாம்தான். கொண்டுபோயிருக்க வேண்டும். "இப்ப சுகமாத்தானே இருக்கிறார், அடுத்த மாதம் பாப்பம்" என்று சொன்னது நான்தான். அந்தப் பழியை டீசலின் தலையில் போட எனக்கு மனமில்லை.

சுகமாக இருந்தாரா?

அந்த வருசம் ஆடி அமாவாசைக்குக் கோணேசர் கோயிலுக்குப் போனோம். அப்பா கோட்டை வாசலில் இறங்கி மலை உச்சிவரை நடந்துதான் போவார். அறுபத்தைந்து வயதிலும் நிற்காமல் ஏறின மனிசன். அன்றைக்கு மூன்று இடத்தில் நின்றார். ஒவ்வொரு முறையும் மான்களைப் பார்க்கிற பாவனை. "இந்தக் குட்டி போன முறை இல்லை என்ன?" என்று என்னிடம் கேட்டார். நானும் மானைப் பார்த்தேன். அவரைப் பார்க்கவில்லை.

அம்மா என்னைவிட முந்திக் கண்டுபிடித்தவ. பாரை மீன் குழம்பென்றால் கோப்பையை வழித்துத் துடைக்கிறவர், மீன் மணக்குது என்று ஒதுக்கத் தொடங்கினார். வாயெல்லாம் இரும்புச் சுவை என்றார். காலையில் பல்லுத் தீட்டும்போது ஓங்காளம். இடுப்புப் பட்டியில் புதிதாக ஓட்டை போட்டார். ஆனால் தராசில் ஏறினால் நிறை குறையவில்லை. சதை குறைய, அந்த இடத்தில் தண்ணீர் ஏறியிருந்தது. செருப்பு வார் புறங்காலில் பதிந்த தடம் பின்னேரம் வரை மாறாது. முதுகைச் சொறிந்து சொறிந்து பெனியனில் இரத்தப் பொட்டு. வேப்பிலை அவித்துக் குளிக்க வார்த்தோம். இரவில் நித்திரையில்லை, பகலில் கதிரையிலேயே தூங்கி விழுவார். சில நாள் விக்கல் எடுத்தால் ஒரு மணித்தியாலம் நிற்காது.

ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் இருந்தது. வெயில், வயது, யோசனை, பித்தம். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் வரிசையாக எழுதியிருந்தால் சின்னப்பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். எழுதவில்லை. கிளினிக்கில் டொக்டர் கேட்டார், "சாப்பாடு எப்படி ஐயா?" அப்பா சொன்னார், "நல்லாச் சாப்பிடுறன்."

ஐப்பசியில் ஒருநாள், உடம்புச் சூடு என்று சொல்லி இரண்டு செவ்விளநி குடித்தார். சிறுநீரகம் பழுதானவருக்கு இளநி பொட்டாசியத் தண்ணீர் என்பது எங்களுக்குத் தெரியும். கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். ஆனால் இளநியைப் போய் யார் பாவம் என்று நினைப்பார்கள்? இரவு பன்னிரண்டரைக்கு விறாந்தைக் கதிரையில் முன்னுக்குக் குனிந்தபடி இருந்தார். "காத்து வாங்குறன், நீ போய்ப் படு." மூச்சு இழுக்கும்போது தோள் ஏறி இறங்கியது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பதால் நாலு நாளாக அந்தக் கதிரையிலேயே விடிய விடிய இருந்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டோவில் கொண்டுபோனோம். பொட்டாசியம் 6.8, இதயத்தையே நிற்பாட்டக் கூடிய அளவு. நெஞ்சில் வயர் போட்டு எடுத்த ஈ.சி.ஜியைப் பார்த்த சின்ன டொக்டர் ஓடத் தொடங்கினார். கல்சியம் ஊசி, குளுக்கோசோடு இன்சுலின், நுரையீரலில் நின்ற தண்ணீருக்கு ஊசி. சிறுநீர் சொட்டுத்தான் வந்தது. கையில் பிஸ்டியூலா இல்லாததால் கழுத்து நாளத்தில் குழாய் ஏற்றித்தான் டயலிசிஸ் செய்தார்கள். முதல் தடவை இரண்டு மணித்தியாலம் மட்டும். அழுக்கைக் கெதியாக எடுத்தால் மூளை வீங்குமாம். அன்றைக்கு கிரியாற்றினின் 6.4, ஈ.ஜி.எவ்.ஆர் 8. அந்த எண்ணோடு சிலர் கடைக்குப் போய்வந்துகொண்டிருப்பார்கள். அப்பாவோ சாவின் வாசலில் நின்றார்.

மூன்றாம் கிழமை கழுத்துக் குழாயில் கிருமி ஏறிக் குளிரும் காய்ச்சலும். டயலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டில் ஆட நடுங்கினார். குழாயை மாற்றி, நுண்ணுயிர்க்கொல்லி ஏற்றி, பத்து நாள் வார்ட்டில். பிஸ்டியூலா இருந்திருந்தால் இந்தப் பத்து நாளில் பெரும்பாலும் ஒன்றும் வந்திராது. பிறகு இடக்கையில் செய்தார்கள். அது பழுக்கும்வரை இரப்பர்ப் பந்தை அமுக்கிக்கொண்டே ரீவி பார்ப்பார். முதல்தடவை அதில் விரலை வைத்து அதிர்வை உணர்ந்தபோது என் கையைப் பிடித்து வைத்தார். "பார் பிள்ளை, உள்ளுக்கு வின்ச் ஓடுது." அந்த அதிர்வு இருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும், நின்றுவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அந்தக் கையில் இரத்தம் எடுக்கவோ பிரஷர் பார்க்கவோ விடக்கூடாது. பிஸ்டியூலா செய்ய முதலே இந்தக் கவனம் வேண்டும் என்பது எங்களுக்குப் பிந்தித்தான் தெரிந்தது. வருசக்கணக்காக இரண்டு கையிலும் மாறி மாறிக் குத்த விட்டிருந்தோம்.

டயலிசிஸ் அறையில் எங்களுக்குப் பக்கத்துக் கட்டில் பதவிசிறிபுரப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு. அப்பாவைவிடப் பதினைந்து வயது குறைவு. சீனியும் இல்லை, பிரஷரும் இல்லை. அந்தப் பக்கத்து வயல்காரரைப் பிடிக்கிற, காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடாத சிறுநீரக நோய். அப்பாவும் அவரும் சிங்களத்தில் மணிக்கணக்கில் கதைப்பார்கள், பெரும்பாலும் தண்ணீரைப் பற்றி. ஒருவர் குளத்துத் தண்ணீரைப் பற்றி, மற்றவர் குடிக்க முடியாத தண்ணீரைப் பற்றி. ஒரு நாளைக்கு வெளியே போகிற சிறுநீரோடு அரை லீற்றர் கூட்டி, அவ்வளவுதான் குடிக்கலாம். தேத்தண்ணியும் சொதியும் அந்தக் கணக்கில்தான். கருவாடு சாப்பிட்டால் தாகம் வரும், தாகம் வந்தால் கணக்கு உடையும். கருவாட்டை விட்டதுதான் அப்பாவின் பெரிய துறவு.

ஊரில் எல்லாரும் சொல்லுகிற ஒன்று: "ஒருக்காத் தொடங்கினால் கிட்னி மெசினுக்குப் பழகிப் போயிடும், பிறகு விடாது." நல்லெண்ணத்தோடு சொல்லி, ஆட்களைச் சாகக் கொடுக்கிற கதை இது. நிற்பாட்ட முடியாமல் போவது மெசின் பழகுவதாலல்ல. நாட்பட்ட நோயில் சிறுநீரகம் திரும்பி வராததால். பாம்பு கடித்து, எலிக்காய்ச்சல் வந்து திடீரென்று பழுதான சிறுநீரகம் தேறினால் மெசினைக் கழற்றிவிடுகிறார்கள்தானே. அதோடு மூட்டு நோவுக்குக் கடையில் வாங்கிப் போடுகிற டைக்லோபெனாக் குளிசை, சீனி குறையும் என்று அடித்துக் குடிக்கிற காமரங்காய்ச் சாறு, இரண்டும் சிறுநீரகத்துக்குக் கேடு. காமரங்காயின் நஞ்சு பழுதான சிறுநீரகத்தால் வெளியேறாமல் மூளையைத் தாக்கும், விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகும். நல்லாயிருக்கிற சிறுநீரகத்தையே அந்தச் சாறு கெடுத்த சம்பவங்கள் இலங்கையிலேயே பதிவாகியிருக்கின்றன.

எல்லாருக்கும் டயலிசிஸ்தான் முடிவென்றும் நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஓர் ஆச்சி இருந்தா, எண்பத்திரண்டு வயது. இதயமும் பலவீனம், நடை கட்டிலோடு நின்றுவிட்டது. டொக்டர் பிள்ளைகளை இருத்தி வைத்துக் கதைத்தார். அந்த வயதில், இத்தனை வருத்தத்தோடு, டயலிசிஸ் கூட்டுகிற நாட்கள் அதிகமாக இராது. கூடினதில் பெரும்பங்கு ஆஸ்பத்திரியிலேயே கழியும். ஆச்சியிடமே கேட்டார்கள். "என்னைக் கொண்டு இழுபடாதையுங்கோ" என்றா. வேண்டாம் என்று விட்டதென்றால் கைவிட்டதல்ல. உடம்புக் கடிக்கு மருந்து, மூச்சுக்கு மருந்து, இரத்தம் குறைந்ததற்கு ஊசி எல்லாம் கொடுத்தார்கள். ஏழு மாதம் வீட்டில் இருந்து, தன் கட்டிலில் கண்ணை மூடினா. மூத்த மகன் மட்டும் இன்றுவரை தங்கையோடு கதைப்பதில்லை, சாகவிட்டுவிட்டாள் என்று. இப்படியான முடிவை வீட்டில் எல்லாரையும் வைத்துக்கொண்டு முந்தியே கதைத்துவிடுவது நல்லது. இரவு பன்னிரண்டரைக்கு ஓட்டோவுக்குள் வைத்துக் கதைக்க முடியாது.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டாவது கிளினிக் கொப்பி. அப்பாவின் மூத்த அக்கா, மூதூர் மாமிக்கு. எழுபத்தினாலு வயது, ஈர்க்குச்சி உடம்பு. கிரியாற்றினின் 3.6தான். "தம்பிக்கு ஆறு இருந்தது, எனக்குப் பாதிதானே" என்று சந்தோசப்பட்டா. சதை குறைந்த உடம்பில் கிரியாற்றினின் ஊறுவதே குறைவு. கணக்குப் போட்டால் மாமிக்கு ஈ.ஜி.எவ்.ஆர் 12. அப்பாவுக்கு 5.1 இருந்தபோது நின்ற இடத்தில்தான் மாமி 3.6இல் நிற்கிறா.

இந்த முறை நாங்கள் பிந்தவில்லை. பிஸ்டியூலா செய்து பழுத்துவிட்டது. மஞ்சட்காமாலை பி ஊசியும் போட்டாயிற்று. டயலிசிஸ் அறையில் இரத்தத்தோடுதான் சீவியம் என்பதால் அதை முந்தியே போடவேண்டும். பொருத்தமான சிறுநீரகம் கிடைத்தால் மாற்றுவதைப் பற்றியும், வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே செய்கிற முறையைப் பற்றியும் கேட்டோம். மாமி இரண்டுக்கும் தலையாட்டவில்லை. ஆனால் டயலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை. எட்டு மாதமாகப் பொறுத்திருக்கிறோம், பயமில்லாமல்.

கொப்பியை எழுதுவது அப்பா. டயலிசிஸ் இல்லாத நாட்களில் மாமிக்குப் போன் எடுத்து விசாரணை நடத்துவார். காலை நிறை. மூச்சு முட்டாமல் படுக்க எத்தனை தலையணை. எத்தனை அகப்பை சோறு. மீன் உள்ளே போனதா. காலில் விரலை அமுக்கினால் குழி எவ்வளவு நேரம் நிற்குது. மாமி மழுப்பினால் மச்சாளைக் கூப்பிட்டு அவவிடம் கேட்பார்.

போன கிளினிக்குக்கு அப்பாவும் கூடவே வந்தார். அதே டொக்டர், கொஞ்சம் தேறின தமிழில் கேட்டார்: "அம்மா, சாப்பாடு எப்படி?"

"நல்லாச் சாப்பிடுறன் தம்பி" என்றா மாமி, குடும்ப வழக்கப்படி.

அப்பா கொப்பியை விரித்து மேசையில் வைத்தார். "பொய் டொக்டர். ரெண்டு கிழமையா மீன் பூனைக்குத்தான் போகுது."

டொக்டர் பேனையை எடுத்துவிட்டு, றிப்போட்டைப் புரட்டாமல், கொப்பியைத் தன் பக்கம் இழுத்தார்.